இரக்கப் பெட்டி

கடன் கட்ட முடியாதவர்களிடம் வங்கி இப்போதெல்லாம் கடுமை காட்டுவதில்லை. கூடத்துச் சுவரில் ஓர் இரக்கப் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறது. வீட்டில் கஷ்டம் இருக்கும்வரை தவணை கிடையாது. சந்தோஷம் தென்பட்டால் மறுநாளே தவணை தொடங்கிவிடும்.

தறிப்பட்டறை நொடித்துப்போன சடையப்பன் வீட்டுப் பெட்டி, தீபாவளியன்று கறிக்குழம்பை மோப்பம் பிடித்து, "உங்கள் நிலைமை தேறியதில் வங்கி மகிழ்கிறது" என்றது. மறுநாள் தொடங்கிய தவணை நிற்பதற்காக, அதிலிருந்து வீட்டில் ரசம்தான்.

இன்று அவர் மகள் மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். கேசரி கிண்டினால் தவணை வரும், கிண்டாவிட்டால் சம்பந்தம் போகும். சடையப்பன் வெறும் தண்ணீரை நீட்டிவிட்டு, கண்ணால் சுவரைக் காட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா பொன்னுரங்கம் அவர் காதருகே குனிந்தார். "எங்கூட்டுலயும் ஒண்ணு தொங்குதுங்க." பிறகு பெட்டியைப் பார்த்துச் சத்தமாக, "இப்படித் தரித்திரம் புடிச்ச வீட்டை நான் பார்த்ததே இல்லைங்க!" என்றார்.

சடையப்பனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்து மலர்க்கொடி மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "உங்கள் நிலைமை..." என்று அது ஆரம்பிப்பதற்குள் அவள் அம்மா, "ஐயோ, எம்புள்ள வாழ்க்கை போச்சே!" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். விளக்கு அணைந்தது.

தை மாதம் கல்யாணம். மேளத்துக்குச் சொல்லவில்லை. ஒப்பாரிக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து முன்பணம் கொடுத்தாயிற்று. தாலி கட்டும்போது சிரிக்காமல் இருக்க மலர்க்கொடி தினமும் கண்ணாடி முன் நின்று பழகுகிறாள். இன்னும் சரியாக வரவில்லை.