பாஸ்வேர்ட் மறந்த கிளாக்கர்

"பாஸ்வேர்ட் பிழையாம் சேர்."

நஸீறா இதைச் சொன்னதும் மனேஜர் முத்தலிப் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். காலை பத்து மணி.

"நேத்துப் பின்னேரம் வரைக்கும் வேலை செஞ்சதுதானே புள்ள?"

"ஓம் சேர். இண்டைக்குத்தான் உள்ளுக்கு விடுதில்ல."

எண்பத்தெட்டாம் ஆண்டு, யுத்த காலம். கல்முனையில் இளைஞர் தொழிற்பயிற்சிச் சங்கம் ஒன்றுக்கு வெளிநாட்டு உதவியில் ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. கடைத்தெருவுக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து, கண்ணாடி யன்னலில் மூக்கை வைத்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளிரும் புது பிளாஸ்டிக்கும் கலந்த அந்த அறையின் மணம் இன்றைக்கும் நஸீறாவின் மூக்கில் இருக்கிறது.

கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து அதன் முன்னால் உட்கார்ந்த நாளிலிருந்து, அவள் ஊரான சாய்ந்தமருதில் அவளுக்கு 'கொம்பியூட்டர் புள்ள' என்றே பெயர். உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

"ரெண்டு மணிக்கு மேலிடத்து ஆக்கள் வாறாங்க. பயிற்சிக்குப் பதிஞ்ச பொடியன்மார்ர லிஸ்ட் வேணுமாம். வேலை குடுக்கப் போறாங்க போல. எப்படியாவது எடுத்துக் குடு," என்றுவிட்டு முத்தலிப் தன் அறைக்குப் போனார்.

நஸீறா மெசினை நிறுத்தித் திரும்பப் போட்டாள். மெசின் திறந்தது. பட்டியல் இருக்கும் இடம்தான் திறக்கவில்லை. பெயரைக் கேட்டது, கொடுத்தாள். பாஸ்வேர்டைக் கேட்டது, தட்டினாள். தட்டுவது திரையில் தெரியாது. 'பிழை' என்றது.

பெரிய எழுத்துச் சாவி அமுங்கிக் கிடக்கிறதோ? இல்லை.

ஏதாவது ஓர் எழுத்து விழாமல் போகிறதோ? கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அதே சொல்லைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் குறையாமல் விழுந்தது. வயரைக் கழற்றிப் பூட்டினாள். கொழும்பில் எழுதிய கொப்பியை முதலிலிருந்து புரட்டினாள். பதினோராம் தடவையும் 'பிழை'.

அப்படியென்றால் யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள். அவளை விட்டால் அதை மாற்றத் தெரிந்தவர் ஒரே ஆள். தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வருகிற கிளாக்கர் அழகரெத்தினம்.

"அண்ணன், நீங்க மாத்தினீங்களா?"

அவர் பிளேன்டியை ஊதி ஊதிக் குடித்தார். "தட்டிப் பாருங்க தங்கச்சி. திறபடும்."

பள்ளியில் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. கட்டிக்கொண்டு வந்த சோற்றை அவள் அவிழ்க்கவில்லை.

இரண்டு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் இரண்டு பேர். மடிப்புக் குலையாத உடுப்பு, மரியாதையான பேச்சு. ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களையே பார்த்தார்.

"அவசரமில்ல மிஸ். ஆறுதலாச் செய்யுங்க."

தட்டினாள். பிழை. திரும்பவும் தட்டினாள். பிழை.

"எனக்கு இந்த வேலை தெரியும் சேர். அல்லாஹ்வுக்காக நம்புங்க, எனக்குத் தெரியும்..."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். "விடுங்க மிஸ். மெசின் பழுது போல." ஜீப் போய்விட்டது.

முத்தலிப் பாய்ந்தார். "என்ட மானத்தை வாங்கிட்டியே புள்ள! நாளையிலிருந்து வரத் தேவையில்ல."

"புள்ளையில பிழையில்ல சேர்." வாசலில் அழகரெத்தினம் நின்றார். "நான்தான் மாத்தினன். இப்ப ஞாபகத்துக்கு வருதில்ல."

அன்றே அவருக்குச் சீட்டுக் கிழிந்தது. கொழும்பிலிருந்து வந்த ஆள் பட்டியலை முழுக்க அழித்துத்தான் மெசினைச் சரிசெய்தான். பாஸ்வேர்ட் மறந்த கிளாக்கரின் கதை தேத்தண்ணிக் கடைகளில் ஒரு கிழமை ஓடியது. "வாறன் தங்கச்சி," என்று அவர் குடையை எடுத்தபோது நஸீறா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மாதம் போனது. வேறோர் ஊரில் இதே மாதிரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டார்களாம். அந்த விலாசங்களுக்கு ஜீப் போனது. ஏறிய பிள்ளைகள் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

செய்தி கேட்ட அன்றைக்கே நஸீறா தம்பிலுவிலுக்கு பஸ் ஏறினாள். அழகரெத்தினம் வளவில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், அந்த லிஸ்டுல என்ட தம்பி மசூரும் இருந்தான்."

"தெரியும். உங்கட முஸ்லிம் பக்கம், எங்கட தமிழ்ப் பக்கம் எண்டு முன்னூறு புள்ளையளுக்கு மேல இருந்தாங்க."

"அவங்க ஆரெண்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்ச?"

"அவங்க என்ன கேக்கிறாங்க எண்டு முதல்நாள் மனேஜர் எனக்குச் சொன்னார். வேலை குடுக்க வாறவன் படிப்பைக் கேப்பான். இவங்க வயசையும் விலாசத்தையும்தானே கேட்டிருக்காங்க."

"எனக்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! அவங்களுக்கு முன்னால வெக்கங்கெட்டு அழுதேனே."

அழகரெத்தினம் வாளியைக் கீழே வைத்தார்.

"அதுக்குத்தான் சொல்லல்ல தங்கச்சி. அந்த மனிசன் மெசினை நம்பல்ல. உங்கட கண்ணீரைத்தான் நம்பினான்."