கடைசி அறை காலி

ஒரே ஹார்ட் டிஸ்க்கில் மூன்று போர்ஷன். முன்னால் சி டிரைவ், கம்ப்யூட்டரையே ஓட்டுகிறவன். நடுவில் டி டிரைவ், உள்ளே மூச்சுமுட்டக் கல்யாண வீடியோக்கள். கடைசி அறையில் ரெக்கவரி. அவர் வாசலில் ஓர் எழுத்துகூடக் கிடையாது.

"டி அண்ணே, அந்த ஆள் சும்மாவே பதினஞ்சு ஜிபியை அடைச்சுக்கிட்டிருக்காரு. நாளைக்கே காலி பண்ண வெச்சிடறேன். ஆளுக்குப் பாதி!" என்று குதித்தான் சி.

டி-க்கு வாயெல்லாம் பல். இன்னும் நாலு கல்யாணம் வைக்கலாமே!

அந்தக் குஷியில் சி ஓர் அப்டேட்டை அவசரமாக விழுங்கினான். அது பாதியில் தொண்டையில் சிக்கியது. திரை நீலமாகி, சி தொப்பென்று விழுந்தான்.

"ரெக்கவரி அண்ணே, ஓடி வாங்க!" என்று அலறினான் டி.

ரெக்கவரி சாவகாசமாக வந்தார். சி-யைத் துடைத்துக் குளிப்பாட்டி, கடையிலிருந்து வந்த முதல் நாள் மாதிரியே உட்கார வைத்துவிட்டு, மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சி பளிச்சென்று கண் விழித்தான். "வணக்கம் அண்ணே, புதுசா குடிவந்திருக்கேன். ஆமா, அந்தக் கடைசி ரூம்ல ஒருத்தர் சும்மாவா இருக்காரு?"

டி-க்கு எல்லாம் நினைவிருந்தது. கல்யாண வீடியோக்களும் நினைவிருந்தன.

"ஆமாம்ப்பா," என்று இழுத்தான். "ஆளுக்குப் பாதிதானே?"