சக்கில் நின்ற சாவி

பழைய மெஷின் கடையில் இரும்பு கடையும் லேத்துகள் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று கிழடு, விலை பாதி. மற்றது புதுசு, குட்டி. வாசலில் இரும்புக்கடை லாரி காத்திருந்தது. இன்றும் விலை போகாவிட்டால் கிழட்டை வெட்டி எடைக்குப் போட்டுவிடுவார்கள்.

வீட்டு ஷெட்டுக்கு மலிவாக ஒரு லேத் தேடி அருளப்பன் வந்தார். கிழட்டு லேத்தை ஆசையாகத் தடவினார். கம்பியைக் கவ்வும் சக்கில் சாவியைச் செருகி இறுக்கினார். சாவியை உருவ மறந்து, சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

கிழடு சாவியைப் பார்த்துவிட்டது. சக் சுழன்றால் சாவி அவர் முகத்துக்குத்தான் பறக்கும். முன்பு ஓர் ஆளின் கண் அப்படித்தான் போயிற்று.

"ஓடிக் காட்டுங்கண்ணே! லாரி நிக்குது, தெரியலையா?" என்றது குட்டி.

"சாவி இருக்குடா."

கிழடு தன் பல்சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் உறுமியது. சக் அசையவில்லை.

"செத்த மெஷின்" என்று அருளப்பன் சுவிட்சை அணைத்தார்.

உடனே நாலு பேர் சங்கிலி போட்டுக் கிழட்டை லாரியில் ஏற்றினார்கள்.

அருளப்பன் குட்டியிடம் வந்தார். கம்பியை வைத்தார், அதன் சாவியால் இறுக்கினார். சாவி அப்படியே நிற்க, கை சுவிட்சுக்குப் போனது.

"அண்ணே, எப்படிப் பிடிச்சுக்கிட்டீங்க? சொல்லுங்கண்ணே!" என்று குட்டி கத்தியது.

லாரி தெருமுனையைத் தாண்டியிருந்தது.