எழுபத்தெட்டில் ஒன்று போனால்

ஒரு விடுகதை. ஒரு பெட்டியில் எழுபத்தெட்டுச் சீட்டுகள். ஒன்றை யாருக்கும் தெரியாமல் எடுத்தாயிற்று. மீதி எவ்வளவு?

எழுபத்தேழு என்றால் தப்பு. பார்லர் அக்காவும் அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

அவள் பன்னிரண்டு வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவள். போன மாதம் தங்கை வந்து, "அக்கா, டாரோ கார்டு, அதான் படச்சீட்டு எடுத்துப் பலன் சொல்றது, கத்துக்கிட்டு இருக்கேன். உன் கடையில ஒரு மூலை குடு, போதும்" என்றாள். அக்காவும் ஷாம்பு அட்டைப்பெட்டிகளை நகர்த்தி ஒரு மேஜை போட்டுக் கொடுத்தாள். இரண்டே நாளில் மூட்டை கட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

நடந்தது வேறு.

தங்கைக்குப் பாதிச் சீட்டுக்கு அர்த்தமே தெரியாது. "ஒரு நிமிஷம், பார்த்துச் சொல்றேன்" என்று மடியில் வைத்திருக்கும் புத்தகத்தைப் புரட்டுவாள். "நம்பித்தான் ஆகணும்னு இல்லைங்க. பேசிப் பார்க்கலாம், பிடிக்கலைன்னா எழுந்துடுங்க" என்பாள். வந்தவர்களோ மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போவார்கள்.

முடி வெட்ட வந்தவர்கள்கூட முதலில் அந்த மூலையைத்தான் எட்டிப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது.

அவளுடைய எட்டு வயதுக் குட்டி, பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து அம்மாவின் சுழல் நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றுவாள். இப்போதெல்லாம் பையைச் சித்தியின் காலடியில் வீசிவிட்டு அங்கேயே ஒட்டிக்கொள்கிறாள்.

"தலை கலைஞ்சு கிடக்கு. வாடி, வாரிவிடறேன்."

"சித்தி வாரிவிடறேன்னு சொல்லிட்டாம்மா."

ஊர்த் தலையெல்லாம் வாரிவிடுகிறவளின் மகளுக்கு இன்னொருத்தி தலை வாருவதா!

செவ்வாய்க்கிழமை தங்கை டீ வாங்க வெளியே போன நேரம், அக்கா சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். சூரியன் படம் போட்டது. அது வந்தாலே எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் மலரும். ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை கடை நிறையக் கூட்டம். மருந்துக்கடைக்காரம்மா ஈரத்தலையோடு உட்கார்ந்துகொண்டு மூலையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"சுத்தப் பித்தலாட்டம். புத்தகத்தைப் பார்த்து நான்கூடத்தான் படிப்பேன்."

"தாராளமா வாங்க. எனக்கும் ஒரு துணை ஆச்சு" என்று தங்கை சிரித்தாள்.

கடையே சிரித்தது. அக்கா டிரையரை நிறுத்தினாள்.

"முதல்ல சீட்டு முழுசா இருக்கான்னு கேளுங்க. குறைஞ்ச கட்டை வெச்சுக்கிட்டுச் சொன்னா அது ஏமாத்து வேலைதானே?"

"பின்னே? மாத்திரை அட்டையில ஒன்னு குறைஞ்சாலே நான் விக்க மாட்டேன்."

"கேட்டியாடி? எண்ணிப் பார்ப்போம். குறைஞ்சா இன்னிக்கே மேஜையைக் காலி பண்ணிடணும்."

தங்கையின் முகம் மாறியது. "எண்ண வேண்டாம்க்கா."

"ஏன், பயமா?"

மருந்துக்கடைக்காரம்மாவே எழுந்து வந்து, மாத்திரை எண்ணும் விரல்களால் சீட்டுகளை மளமளவென்று தள்ளினாள்.

"எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு. சரியாத்தானே இருக்கு?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆனா இது என்ன கூத்து?" மருந்துக்கடைக்காரம்மா ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தாள். ஷாம்பு பெட்டி அட்டை. அளவாக வெட்டி, கலர் பென்சிலால் ஒரு சூரியன். சூரியனுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

"நான் வரைஞ்சது" என்றாள் சித்தியை ஒட்டி நின்ற குட்டி. அவளுக்கும் முன்பல் இரண்டும் இல்லை.

"அசல் எங்கே?"

"தொலைச்சுட்டேங்க" என்றாள் தங்கை அவசரமாக. "என் கவனக்குறைவுதான். அக்கா, மேஜையை இன்னிக்கே எடுத்துடறேன்." புத்தகத்தை மூடி வைத்தாள்.

"சித்தி, நீ ஏன் பொய்..." குட்டி ஆரம்பித்தாள். சித்தி தலையை ஆட்டியதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா குட்டியைத் தலை அலசும் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்னடி பொய்?"

"நீ அந்தச் சீட்டை எடுத்ததை நான் பார்த்தேம்மா. சித்திகிட்ட சொல்லிட்டேன்."

"என்னைக்குச் சொன்னே?"

"அன்னைக்கேதான்."

"சித்தி என்ன சொன்னா?"

"'அம்மாவுக்கு அது வேணும்போல இருக்கு, வெச்சுக்கட்டும். நீ யார்கிட்டயும் சொல்லாதே, எனக்கு வேற ஒன்னு வரைஞ்சு குடு'ன்னா."

அக்கா சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். நேராக மூலைக்குப் போனாள். ஏப்ரன் பையிலிருந்த சூரியனை எடுத்து எல்லார் முன்னாலும் மேஜையில் வைத்தாள்.

"அவ தொலைக்கலை. நான்தான் எடுத்தேன்."



தங்கை புத்தகத்தை மறுபடியும் திறந்தாள். இரண்டு சூரியன்களையும் குட்டியின் முன்னால் தள்ளினாள்.

"கட்டுல ஒன்னுதான் இருக்கணும். எது இருக்கட்டும்? நீயே சொல்லு."

குட்டி அச்சடித்த சூரியனைச் சீட்டுக்கட்டில் சேர்த்தாள். தான் வரைந்ததை அம்மாவின் ஏப்ரன் பைக்குள் போட்டாள்.