மூடிமேல் மாப்பிள்ளை

'படார்' என்று சத்தம் கேட்டதும், ஏரியில் பெரிய மீன் ஏதோ துள்ளியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். இடுப்புக்குக் கீழே வெதுவெதுவென்று ஈரம் ஏறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மாமனாரின் ஐஸ் பெட்டியை மூடியோடு உடைத்துக்கொண்டு, சோடா பாட்டில்களுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் தூண்டிலை வைத்துவிட்டு ஓடிவந்து கைகொடுத்தார். "அடிகிடி பட்டுச்சா மாப்ளே?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அவர் அப்படித்தான். எதைக் கேட்டாலும் "ம்", ரொம்ப வற்புறுத்தினால் "பாக்கலாம்". ஞாயிறுதோறும் தனியாக மீன் பிடிக்கப் போகிறவர், அந்த வாரம் திடீரென்று "நீங்களும் வாங்களேன்" என்றார். நானும் ஒரு மனுஷனாகிவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஏரிக்கரையில் உபசாரம் வேறு. காரிலிருந்து மடக்கு நாற்காலியை இறக்கப் போனேன். "அதெல்லாம் எதுக்கு? இப்படிப் பெட்டிமேல சாவகாசமா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவ்வளவு சாவகாசத்தை அது தாங்கவில்லை.

முதல்முறை கூப்பிட்டார், கடைசிமுறையும் அதுவே ஆகிவிட்டது என்று திரும்பும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

வீட்டில் மாமியார் இருந்தார். அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: உடையாத சாமானை மாற்றக் கூடாது. ஹால் மின்விசிறி லாரி மாதிரி உறுமும். ஆனால் சுற்றுகிறதே, அதனால் அது இருக்கும்.

"உடைச்சிட்டீங்களா?" என்று மாமனாரை முறைத்தார் மாமியார்.

"நான்தான் அத்தை. உக்காந்தேன்."

முறைப்பு பாதி வழியில் சிரிப்பாக மாறியது. "அடடே, நீங்களா! போகுது விடுங்க. உடைஞ்சா புதுசு வாங்கித்தானே ஆகணும்."

"என் செலவு மாமா. நானே வாங்கித் தர்றேன்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார் மாமனார். ஆனால் எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கடையில் சின்னதும் பெரியதுமாக ஒரு சுவர் நிறையப் பெட்டிகள். மலிவானதைத் தட்டினால் தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது. விலை உயர்ந்ததில் சக்கரம், பாட்டில் திறப்பான், பாட்டுப் பெட்டி எல்லாம் இருந்தன. அதன் விலைச் சீட்டைப் பார்த்ததும் எனக்கே ஜில்லென்று ஆகிவிட்டது.

"நடுத்தரமா, வெயில்ல கிடந்தாலும் உழைக்கிற மாதிரி காட்டுங்க" என்றேன்.

கடைக்காரர் மூலையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை இழுத்துவந்தார். "சக்கரம் கிடையாது, படம் கிடையாது. சுவரைப் பாருங்க, எவ்வளவு கனம்! மூடியைச் சுத்தி ரப்பர். கீலுக்கு இரும்புக் கம்பி. காலைல போட்ட ஐஸ் மறுநாளும் ஐஸாவே இருக்கும் சார்."

"உருகின தண்ணிய வெளியேத்த வழி?" என்று நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மாமனார் பார்க்காமலே பின்பக்கம் கையை விட்டு, அடியில் இருந்த மூடியைத் திருகிக் காட்டினார். அனுபவஸ்தர்!

"இது மேல நான் உக்காந்தா தாங்குமா?"

கடைக்காரர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு இடமிருந்து வலமாகப் பார்த்தார். அதற்குத்தான் நேரம் பிடித்தது.

"வாங்கினதுக்கப்புறம் உக்காந்து பாருங்களேன் சார்" என்றார்.

வாங்கினேன். பெட்டியைக் காரில் ஏற்றும்போது, "அடுத்த ஞாயிறும் வர்றீங்கல்ல?" என்றார் மாமனார். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அந்த ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. புதுப் பெட்டியைத் திறந்தால், ஐஸ் போட்டபடி கிடந்தது. மாமனார் பல் கூசும் குளிர்ச்சியோடு ஒரு சோடாவை எடுத்து முதலில் எனக்குத்தான் கொடுத்தார். தானும் ஒன்றை உடைத்துக் குடித்துவிட்டு, குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த தைரியத்தில், கடைக்காரர் சொன்னதைச் சோதித்துவிடலாம் என்று பெட்டிமேல் உட்காரப் போனேன்.

"ஐயையோ, அதுல உக்காராதீங்க!" மாமனார் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். காரிலிருந்து மடக்கு நாற்காலியை அவரே எடுத்துவந்து, விரித்து, தூசி தட்டிப் போட்டார். போன வாரம் வேண்டாம் என்ற அதே இரும்புக் கால் நாற்காலி.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இன்னைக்காவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. போன வாரம் நாற்காலி வேணாம், பெட்டிமேல உக்காருன்னீங்க. இந்த வாரம் பெட்டியத் தொடவே விட மாட்டேங்கறீங்க. பெட்டிய உடைச்சவனை மறுபடி கூப்பிடவும் செய்றீங்க. என்னதான் கணக்கு இது?"

மாமனார் வழக்கம்போல "ம்" என்றார். பிறகு, மாமியார் எங்காவது நிற்கிறாரா என்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பழசுல ஒரு மணி நேரம் கூட ஐஸ் நிக்காது. ஆனா உடையவும் உடையாது. நான் ஏறிக் குதிச்சே பாத்துட்டேன்" என்றவர், என் தோளில் கைபோட்டார்.

"இந்த வாரம் உங்களுக்காகக் கூப்பிட்டேன் மாப்ளே. போன வாரம் உங்க வெயிட்டுக்காகக் கூப்பிட்டேன்."