திருடனைப் பிடித்தது யார்?

மங்கையர்க்கரசி வீட்டில் எல்லோர் தலையிலும் பழைய மாடல் நினைவுச் சில்லு. நாய் சீசர் உட்பட எல்லோரும் ஒரே சார்ஜரில் தலையைச் செருகித்தான் தூங்குவார்கள். நினைவுகள் கலந்துபோகின்றன என்று மெக்கானிக் வந்து, நாய்க்கும் சேர்த்து எல்லாச் சில்லுகளுக்கும் காவல் போட்டுவிட்டுப் போனார். இனி அடுத்தவர் நினைவில் கைவைத்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி பீப் அடிக்கும்.

அன்று மாலையே சம்பந்தி வீட்டார் முன்னால் கணவர் தணிகாசலம் வழக்கமான கதையை எடுத்தார்.

"திருடனைத் துரத்திப் புடிச்சது நான்தான். அவன் லுங்கி வாசனைகூட இன்னும் மூக்குலயே நிக்குது!"

பீப்.

மங்கையர்க்கரசிக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா? புடிச்சது நான்னு எத்தனை வருஷமா சொல்றேன்!"

பீப்.

சம்பந்தியம்மா காப்பியைக் கீழே வைத்தார். சோபாவுக்கு அடியிலிருந்து சீசர் கம்பீரமாக ஒரு தடவை குரைத்தது.

பீப் அடிக்கவே இல்லை.