மிளா கேட்ட கேள்வி

ஒரு மிளா மானுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கியது. பக்கத்து மரத்து மரங்கொத்தி டாக்டரிடம் போனது.

"புது வால்வு வைத்துவிடலாம்," என்றது மரங்கொத்தி.

"கோபித்துக்கொள்ளாதீங்க டாக்டர், இதுவரைக்கும் எத்தனை பேருக்கு வைத்திருக்கீங்க?"

யாரும் அப்படிக் கேட்டதில்லை. மரங்கொத்தி யோசித்தது. "போன மழைக்காலத்தில் ஒரு முயலுக்கு. அதற்கு முன்னால் ஞாபகமில்லை."

"முயல் நன்றாக இருக்கிறதா?"

மரங்கொத்தி திரும்பி மரத்தைக் கொத்தத் தொடங்கியது.

"அக்கரையில் நாரை டாக்டருக்குத் தினமும் இதே வேலையாமே. உங்களைவிடக் கெட்டிக்காரரோ?"

"ஒன்றாகத்தான் படித்தோம். வகுப்பில் நான்தான் முதல்," என்றது மரங்கொத்தி. "ஆனால் நடுவில் ரத்தம் கசிந்தால் நான் திகைத்துவிடுவேன். அவரும் அவருடைய நர்சுகளும் அதைத் தினமும் பார்க்கிறார்கள்."

"இந்த மூச்சோடு நான் எப்படி ஆற்றைக் கடப்பது?"

"நான் கூட்டிப்போகிறேன்."

ஆழமில்லாத இடமாகப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி அழைத்துப் போனது.

ஆபரேஷன் முடிந்து மிளா கண் விழித்தது. எதிரே, அடுத்த நோயாளிக்காக நாரை அலகைக் கழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று மரங்கொத்தியும் கழுவிக்கொண்டிருந்தது.